கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றை அடைப்பது எப்படி?

(ஜோலார்பேட்டை வட்டார உழவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கிணறு தோண்டுவது பற்றியும், போர் போடுவது பற்றியும், மோட்டார் பொருத்துவது பற்றியும் நாம் பல முறை பேசியிருக்கிறோம். நீர் வற்றிப்போன, அல்லது நீர் கெட்டுப்போன கிணற்றை என்ன செய்வது என்பதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. போர் போட்டுத் தண்ணீர் வரவில்லையென்றால் வாயில் ஒரு கல்லை வைத்துவிட்டு அடுத்த இடம் பார்க்கப் போய்விடுகிறோம். சில இடங்களில் கோணிப்பையைக் கட்டி வைக்கிறோம். ஒரு மழைக்காலத்தில் கோணி மக்கிவிடும். கல்லை மாடு தள்ளிவிடும். துளை மட்டும் அப்படியே இருக்கும். அந்தத் துளையை எந்தப் பொருளைக் கொண்டு, எந்த முறையில் அடைக்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஏன் அடைக்க வேண்டும்?

இரண்டு காரணங்கள் உண்டு. முதல் காரணம் உங்களுக்குத் தெரிந்ததே. 2019 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், திருச்சிராப்பள்ளி மாவட்டம் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. நான்கு நாட்கள் போராடியும் உயிருடன் மீட்க முடியவில்லை. அதற்கு முன் 2015 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், நமக்கு அருகிலேயே ஆர்க்காட்டையடுத்த கூராம்பாடியிலும் ஒரு குழந்தையை இப்படிப் பறிகொடுத்தோம். ஆறரை அங்குலத் துளை நம் கண்ணுக்குச் சிறியது. இரண்டு வயதுக் குழந்தைக்கு அது போதும்.

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. அது நம் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி தோல் வட்டாரத்திற்குச் சிறப்பாகப் பொருந்துவது. நம் பகுதியின் நிலத்தடி அமைப்பை நினைத்துப் பாருங்கள். மேலே மண், அதன் கீழ் கிராவலும் சிதைந்த பாறையும், அதற்கும் கீழே கெட்டியான கருங்கல் பாறை. மேல்மட்ட நீர் சிதைந்த பாறையில் நிற்கிறது. ஆழத்து நீர் கருங்கல்லில் உள்ள வெடிப்புகளில் ஓடுகிறது. இயற்கையில் இவ்விரண்டுக்கும் இடையே நேர்வழி குறைவு. நாம் போர் போட்டதும் மேலிருந்து கீழ்வரை ஒரு நேர்வழி உண்டாகிவிடுகிறது. மேல் நீர் நன்றாக இருக்கும்வரை இதில் பெரிய கேடில்லை. மேல் நீர் கெட்டுவிட்டால், அதே துளை அந்தக் கேட்டை ஆழத்திற்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒரு வீட்டின் கூரை ஓட்டையை அடைக்காமல் விட்டால் அந்த வீடு மட்டும் நனையும். ஒரு போரை அடைக்காமல் விட்டால் ஊர்க் கிணறு முழுவதும் கெடும்.

நம் பகுதியில் மேல் நீர் கெட்டிருக்கிறதா என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் நீர் செலவாகிறது. தோலைக் காக்கப் போட்ட உப்பு, முடி நீக்கப் போட்ட சுண்ணாம்பும் சல்பைடும், பதனிடப் போட்ட குரோமிய உப்பு ஆகியவற்றில் மிஞ்சியதெல்லாம் கழிவுநீரோடு வெளியே வந்தன. அக்கழிவுநீர் பல ஆண்டுகள் பாலாற்றிலும் ஓடைகளிலும் வயல்களிலும் விடப்பட்டது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆம் ஆண்டு ஆகஸ்டு 28 ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டறிந்ததை அத்தீர்ப்பு எடுத்துக் கூறுகிறது. திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களில் பார்த்த 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டிருந்தன என்பதும் அத்தீர்ப்பில் உள்ளது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். அதற்குப் பிறகும் கேடு முழுவதும் தீரவில்லை என்பதால், 2025 ஆம் ஆண்டு ஜனவரி 30 ஆம் நாள் உச்சநீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பில் இழப்பீட்டையும் சீரமைப்பையும் வலியுறுத்தியது.

"கெடுத்தவர் வேறு, அடைக்கும் செலவு மட்டும் நமக்கா?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கழிவை விட்டவர் பொறுப்பு அவரோடு இருக்கிறது. ஆனால் நம் நிலத்தில் திறந்து கிடக்கும் துளை வழியாகக் கீழே இறங்கும் ஒவ்வொரு குடம் உப்பு நீரும், பக்கத்து வயல்காரர் கிணற்றுக்கும் நம் பிள்ளைகள் குடிக்கும் அடிகுழாய்க்கும்தான் போகிறது. வழக்கு முடியும்வரை தண்ணீர் காத்திருக்காது.

நல்ல நீரின் அருமை இந்த ஊருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2019 ஆம் ஆண்டு ஜூலை 12 ஆம் நாள், வறண்டு கிடந்த சென்னைக்கு இந்த ஜோலார்பேட்டை இரயில் நிலையத்திலிருந்துதான் 50 பெட்டிகளில் 25 லட்சம் லிட்டர் குடிநீர் முதல் இரயிலில் போயிற்று. அதுவும் நம் ஊற்று நீரன்று. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நீர். எங்கிருந்தோ குழாயில் வரும் நீரை நம்பி ஒரு மாநகரம் உயிர் பிழைத்தது. நம் வயலடியில் உள்ள நல்ல நீரை நாமே கெடவிடலாமா?

அடைப்பதா, மழைநீர் விடுவதா?

வற்றிய போரில் மழைநீரை விட்டு நிலத்தடி நீரைப் பெருக்கலாம் என்று பல கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள். அது நல்ல யோசனைதான். ஆனால் எல்லா இடத்திற்கும் அது பொருந்தாது. சுத்தமான கூரை நீரோ, மலையடிவார ஓடை நீரோ கிடைக்கிற இடத்தில், ஜல்லி, மணல், கரி கொண்ட வடிகட்டும் தொட்டி அமைத்து அதன் வழியாக விடலாம். ஏலகிரி மலையடிவாரத்தில் தொழிற்சாலையும் சாயக்கழிவும் இல்லாத இடங்களில் இது நன்மை தரும். ஆனால் கழிவு ஓடிய வாய்க்கால் அருகிலோ, கழிவு பாய்ந்த வயலிலோ உள்ள போரில் மழைநீர் விட்டால், மண்ணில் தங்கிய உப்பும் அதனோடு கீழே இறங்கும். உரம் போட்ட வயலின் வடிநீரையும் எந்தப் போரிலும் விடக்கூடாது. ஐயம் இருந்தால் அடைப்பதே நல்லது.

இதை முடிவு செய்ய ஒரு சிறு சோதனை போதும். அடைப்பதற்கு முன் போரின் நீரைச் சுத்தமான பாட்டிலில் எடுத்து மண், நீர்ப் பரிசோதனை நிலையத்திலோ விரிஞ்சிபுரத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டி யோசனை கேளுங்கள். மின் கடத்துதிறன் 2.25 டெசிசைமனுக்கு மேல் இருந்தால் அது பாசனத்திற்கு மிகுந்த உப்புநீர். குடிநீருக்குக் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாதபோது 2,000 வரை ஏற்கலாம். குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. சோதனை முடிவுத்தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கிணற்றை அடைத்த பிறகு அந்த நீர் எப்படி இருந்தது என்பதற்கு அந்தத் தாள் ஒன்றே சாட்சி. நாளை இழப்பீடு கேட்க நேர்ந்தால் அது பயன்படும்.

எந்தப் பொருள் நல்லது?

அடைப்புக்கு ஏற்ற பொருள்கள் நான்கு. அவற்றின் குணத்தைத் தெரிந்துகொண்டால் ஏமாற மாட்டோம்.

முதலாவது, சிமெண்டுக் கூழ். மணல் சேர்க்காமல் சிமெண்டும் நீரும் மட்டும் கலந்தது. 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 25 லிட்டர் நீர் அளவு. இதற்கு மேல் நீர் ஊற்றினால் சிமெண்டு அடியில் தங்கி, நீர் மேலே பிரிந்துவிடும். இறுகியபின் சுருங்கி இடைவெளி விடும். ஒரு மூட்டையில் சுமார் 40 லிட்டர் கூழ் கிடைக்கும். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் பகுதி நீரில் சல்பேட்டு உப்பு மிகுதியாக இருக்கக்கூடும். அது சாதாரணச் சிமெண்டை நாளடைவில் அரித்துப் பொரிப்பொரியாக்கிவிடும். எனவே இரும்பு உலைக் கசடு கலந்த சிமெண்டோ, சல்பேட்டு எதிர்ப்புச் சிமெண்டோ கிடைத்தால் அதையே வாங்குங்கள். இவை கிடைக்காவிட்டால் பொசோலானா சிமெண்டு பரவாயில்லை. மூன்று மாதத்திற்கு மேல் கிடங்கில் கிடந்து கட்டிதட்டிய மூட்டை வேண்டாம். கலக்கும் நீர் குடிக்கத்தக்க நீராக இருக்கட்டும். அடைக்கப்போகும் போரின் உப்பு நீரையே எடுத்துக் கலப்பவர்கள் உண்டு. அது அடைப்பைத் தொடக்கத்திலேயே கெடுக்கும் வேலை.

இரண்டாவது, பெண்டோனைட்டுக் களி. குஜராத்திலும் இராஜஸ்தானிலும் வெட்டியெடுக்கும் இந்தக் களிமண் நல்ல நீரில் பல மடங்கு ஊதிப் பெருத்து, நீர் புகாமல் அடைக்கும். ரிக் வண்டிக்காரர்கள் இதை நன்கு அறிவார்கள். ஆனால் உப்பு நீரில் இது சரியாக ஊதாது. ஆகையால் தோல் வட்டாரத்தில் பெண்டோனைட்டை மட்டும் நம்பி அடைக்கக்கூடாது. சிமெண்டுக் கூழ் சுருங்காமலிருக்க மூட்டைக்கு ஒரு கிலோ அளவில் சேர்க்கலாம். அப்போது அதை நல்ல நீரில் முதலில் ஊறவைத்துக் கரைத்த பிறகே சிமெண்டைச் சேர்க்க வேண்டும். நீரும் 5 லிட்டர் கூடுதலாக வேண்டும்.

மூன்றாவது, ஊர்க் களிமண். ஏரி அடிமட்டக் களிமண்ணைக் கல், வேர், இலை இல்லாமல் சலித்து, பிசைந்து, எலுமிச்சம்பழ அளவு உருண்டைகளாக்கிப் பயன்படுத்தலாம். இது மேல்பகுதிக்கு, அதாவது நீர் நிற்காத இடத்திற்கு மட்டும் ஏற்றது.

நான்காவது, கழுவிய ஜல்லியும் மணலும். இவை அடைப்பல்ல, நிரப்பு. நீர் இவற்றின் ஊடே போகும். ஆழம் முழுவதையும் சிமெண்டால் நிரப்பச் செலவு தாங்காது என்பதால் இடையிடையே இடத்தை நிரப்ப இவற்றைப் போடுகிறோம். 12 மில்லிமீட்டருக்கு மேற்படாத சிறு ஜல்லியே வேண்டும்.

வீட்டுக் குப்பை, சாணம், செத்த கோழி, பழைய செருப்புத்தோல், தோல் சீவல், ஆலைச் சகதி, இடித்த வீட்டின் காரை, பிளாஸ்டிக் ஆகியவற்றைப் போரில் போடவே கூடாது. இவற்றைப் போட்டால் கிணற்றை அடைத்ததாகாது, நஞ்சைப் புதைத்ததாகும்.

அளவு தெரிந்தால் செலவு தெரியும்

துளையின் குறுக்களவைப் பொறுத்து ஓரடி ஆழத்திற்கு இவ்வளவு லிட்டர் பிடிக்கும்:

4½ அங்குலத் துளை — 3 லிட்டருக்குச் சற்று அதிகம்
6½ அங்குலத் துளை — 6½ லிட்டர்
8 அங்குலத் துளை — 10 லிட்டர்
10 அங்குலத் துளை — 15½ லிட்டர்

ஆறரை அங்குலத் துளைக்கு ஓரடிக்கு ஆறரை லிட்டர் என்பது மறக்க முடியாத கணக்கு. அதன்படி ஒரு மூட்டைச் சிமெண்டுக் கூழ் ஏறக்குறைய 6 அடியை அடைக்கும்.

ஒரு எடுத்துக்காட்டு

300 அடி ஆழமுள்ள ஆறரை அங்குலப் போர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 40 அடிவரை கேசிங் குழாய் இறக்கியிருக்கிறது. 90 அடியில் ஒரு ஊற்று, அது உப்பு. 220 அடியில் இன்னொரு ஊற்று. முழுவதும் சிமெண்டு ஊற்றினால் ஏறக்குறைய 50 மூட்டை ஆகும். அவ்வளவு தேவையில்லை. பின்வருமாறு செய்யலாம்.

முதலில், உள்ளே கிடக்கும் மோட்டார், குழாய், கயிறு, கேபிள் அனைத்தையும் வெளியே எடுக்க வேண்டும். பாதியில் சிக்கிய குழாயை அப்படியே விட்டு அடைத்தால் அதன் உள்வழியே நீர் இறங்கும்.

பிறகு, கயிற்றில் இரும்புக் குண்டு கட்டி இறக்கி ஆழத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ரிக் வண்டிக்காரர் சொன்ன ஆழமும் இப்போதுள்ள ஆழமும் ஒன்றாக இருப்பதில்லை, சரிவு விழுந்திருக்கும்.

அடுத்து, நிற்கும் நீரில் 1,000 லிட்டருக்கு 400 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடரை வாளி நீரில் கரைத்து ஊற்றி ஓர் இரவு விடுங்கள். போடப்போகும் ஜல்லியையும் அந்நீரில் கழுவுங்கள்.

300 அடியிலிருந்து 202 அடிவரை ஜல்லி. அதன்மேல் 2 அடி மணல். மணல் இல்லாவிட்டால் ஊற்றும் கூழ் ஜல்லிக்குள் இறங்கிக் காணாமற்போகும். 200 அடியிலிருந்து 180 அடிவரை சிமெண்டுக் கூழ். இந்த 20 அடி அடைப்புக்கு 130 லிட்டர், அதாவது 4 மூட்டைக்குள் போதும். இதுதான் முக்கியமான அடைப்பு. மேல் ஊற்றின் உப்பு நீர் கீழ் ஊற்றுக்கு இறங்காமல் காப்பது இதுவே.

ஒரு நாள் இறுகவிட்டு, குண்டை இறக்கி அளந்து பாருங்கள். கூழ் 180 அடிக்கு வராமல் கீழேயே நின்றால், பாறை வெடிப்பு அதைக் குடித்துவிட்டது என்று பொருள். மறுபடி ஊற்றி மட்டத்திற்குக் கொண்டுவர வேண்டும்.

180 அடியிலிருந்து 62 அடிவரை ஜல்லி. 2 அடி மணல். 60 அடியிலிருந்து 30 அடிவரை மீண்டும் சிமெண்டுக் கூழ், 5 மூட்டை. கேசிங் குழாயின் அடி 40 அடியில் இருப்பதால், இந்த அடைப்பு அதற்குக் கீழே 20 அடியும் மேலே 10 அடியுமாக நிற்கும். குழாயின் வெளிப்பக்கமாக வழியும் மேல்நீரும் துளைக்குள் புக முடியாது.

30 அடியிலிருந்து தரைக்கு 5 அடி கீழ்வரை களிமண் உருண்டைகளைப் போட்டு, அவ்வப்போது கம்பியால் இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். அந்த மட்டத்தில் நீர் நின்றால் களிமண் வேண்டாம். சிமெண்டுக் கூழையே தொடருங்கள்.

கடைசியாக, குழாயைச் சுற்றி 5 அடி பள்ளம் தோண்டி, குழாயைப் பள்ளத்தின் அடியில் அறுத்தெடுத்து, அதன்மேல் இரண்டடி அகலத்தில் ஓரடி கனத்திற்குக் காங்கிரீட் மூடி போடுங்கள். அதற்கு மேல் வயல் மண்ணைப் போட்டு மேடாகக் குவித்துவிட்டால் ஏர் ஓட்டத் தடையில்லை. இரண்டு மழைக்குப் பிறகு மண் அமிழ்ந்தால் மீண்டும் போட்டு நிரப்புங்கள்.

ஆகக் கூடி, கூழுக்கு 9 மூட்டையும் மூடிக்கு ஒரு மூட்டையும் சேர்த்து ஏறக்குறைய 10 மூட்டைச் சிமெண்டு, அரை யூனிட் ஜல்லி, கொஞ்சம் மணல், களிமண், இரண்டு மூன்று நாள் வேலை. பாறையில் வெடிப்பு அதிகமிருந்தால் இரண்டு மூட்டை கூடுதலாகலாம். நான்கு குடும்பத்தார் சேர்ந்து தங்கள் போர்களை ஒரே வாரத்தில் அடைத்தால் குழாயும் புனலும் பொதுவாகிவிடும், செலவும் குறையும்.

கூழை ஊற்றும் முறை

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். உலர்ந்த சிமெண்டை மூட்டையோடு கொட்டுகிறார்கள். அல்லது கூழை மேலேயிருந்து அப்படியே ஊற்றுகிறார்கள். நீர் நிற்கும் துளையில் மேலேயிருந்து ஊற்றிய கூழ், விழும் வழியிலேயே நீரோடு கலந்து கலங்கிப்போகும். அடியில் போய்ச் சேருவது சிமெண்டல்ல, சேறு.

சரியான முறை இது. ஒன்றேகால் அல்லது ஒன்றரை அங்குலக் கறுப்புக் குழாயை, அதாவது மோட்டாருக்குப் போடும் அதே குழாயை, அடைப்பு தொடங்க வேண்டிய ஆழம்வரை இறக்குங்கள். மேல்முனையில் புனல் வைத்து, கொசுவலைத் துணியால் வடிகட்டிய கூழை நிற்காமல் ஊற்றுங்கள். கூழ் நீரைப்போல் 1.8 மடங்கு கனமானது. எனவே அது அடியில் தங்கி, நீரை மேலே தள்ளிக்கொண்டு உயரும். கூழ் உயர உயரக் குழாயையும் மெல்ல உயர்த்துங்கள். ஆனால் குழாயின் முனை எப்போதும் கூழுக்குள் 5 அடியாவது அமிழ்ந்திருக்க வேண்டும். கலக்கிய கூழை அரை மணி நேரத்திற்குள் ஊற்றி முடித்துவிட வேண்டும். முடிந்ததும் குழாயை அடைப்புக்கு மேலே தூக்கி, உடனே நீர்விட்டுக் கழுவிவிடுங்கள்.

இந்த வித்தை எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வந்தது. 1903 ஆம் ஆண்டு அமெரிக்காவில் கலிபோர்னியாவின் லாம்போக் என்ற இடத்தில், எண்ணெய்க்கு மேலிருந்த நீர் உள்ளே புகாமல் தடுக்க 50 மூட்டைச் சிமெண்டுக் கூழை ஒரு நீண்ட வாளியில் அடிவரை இறக்கி அங்கே கொட்டினார்கள். அடைப்பு நின்றது. நாமும் சிறிய அடைப்புகளுக்கு அடிக்கதவுள்ள நீள வாளியைப் பட்டறையில் செய்துகொள்ளலாம். எந்த முறையானாலும் விதி ஒன்றுதான்: கூழை அடியில் கொண்டுபோய் விட வேண்டும்.

ஜல்லி போடுவதிலும் ஒரு எச்சரிக்கை. கூடை கூடையாகக் கொட்டினால் நடுவில் சிக்கிப் பாலம்போல் நின்றுவிடும். அதன் கீழே வெற்றிடம் இருக்கும். மேலே நிரம்பிவிட்டது என்று நினைப்போம். ஓராண்டில் அது திடீரென்று இறங்கிப் பழைய பள்ளம் திரும்பிவிடும். ஆகவே 13 லிட்டர் பிடிக்கும் வாளியால் அளந்து மெல்லச் சரிக்க வேண்டும். ஒரு வாளிக்கு 2 அடி உயர வேண்டும். பத்து வாளிக்கு ஒரு முறை குண்டை இறக்கிப் பாருங்கள். 20 அடிக்குப் பதில் 40 அடி உயர்ந்திருந்தால் நடுவில் சிக்கியிருக்கிறது. கம்பியால் குத்தி இறக்கிய பிறகே மேலே தொடரலாம்.

புதுப் போர் போடுகிறவர்களுக்கு

அடைக்கும் வேலை புதுப் போரிலிருந்தே தொடங்குகிறது. மேல்பகுதியை 10 அங்குலம் துளைத்து 7 அங்குலக் கேசிங் இறக்கினால், குழாய்க்கும் மண்ணுக்கும் இடையே ஒன்றரை அங்குல இடைவெளி சுற்றிலும் இருக்கும். ரிக் வண்டி கிளம்பும் அவசரத்தில் அதில் துளைத்த தூளைத் தள்ளி மூடிவிடுகிறார்கள். மேல் கழிவு இறங்கும் முதல் வழி அதுதான். அந்த இடைவெளியைச் சிமெண்டுக் கூழால் நிரப்ப ஓரடிக்கு 8 லிட்டருக்குள்தான் பிடிக்கும். 30 அடிக்கு 6 மூட்டைச் சிமெண்டு. ஒரு போரின் மொத்தச் செலவில் இது எத்தனை பங்கு என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

கேசிங்கை ஓரிரு அடியாவது கெட்டிப் பாறைக்குள் உட்காரவையுங்கள். உப்பு நீரில் இரும்புக் குழாய் விரைவில் துருப்பிடித்து ஓட்டையாகும். கனமான பிவிசி குழாய் நல்லது. ஆனால் சிமெண்டு இறுகும்போது சூடு உண்டாகும். பிவிசி குழாய் நெளியாமலிருக்க, கூழ் ஊற்றும்போதும் அதன் பிறகு ஒரு நாளும் குழாய்க்குள் நீர் நிரப்பி வையுங்கள்.

திறந்த கிணறும் அதனுள் இறக்கிய போரும்

20 அடி விட்டமும் 40 அடி ஆழமும் உள்ள திறந்த கிணற்றை மூட 125 யூனிட் மண் வேண்டும். அது எல்லோராலும் ஆகாது. மூட முடியாவிட்டால் நாலடிச் சுவரும், தேவையான இடத்தில் கம்பி வலையும் போட்டுக் காப்பாற்றுங்கள். அதைக் குப்பைக் கிடங்காக்காதீர்கள்.

ஆனால் நம் பகுதியில் பல திறந்த கிணறுகளின் அடியில் கேசிங் இல்லாத போர்கள் இறக்கப்பட்டிருக்கின்றன. கிணற்று நீர் கெட்டுவிட்டால், அந்தப் போர்தான் கேட்டை ஆழத்திற்கு ஊற்றும் புனல். கோடையில் கிணறு வற்றும்போது முதலில் அடைக்க வேண்டியது அந்தப் போரை.

கழிவு தேங்கிய கிணற்றில் ஆள் இறங்கக்கூடாது. சல்பைடுக் கழிவிலிருந்து வரும் நச்சுக்காற்று ஆளை ஒரு மூச்சில் சாய்த்துவிடும். அழுகிய முட்டை நாற்றம் முதலில் தெரியும், பிறகு மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் இந்த நஞ்சைக் காட்டாது. குழாயை மேலிருந்தே இறக்கி வேலையை முடியுங்கள்.

சட்டம் சொல்வது

2010 ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் ஆழ்துளைக் கிணறுகளுக்கு நெறிமுறைகள் வகுத்தது. கிணறு தோண்டுவதற்கு 15 நாட்களுக்கு முன்பே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தோண்டும்போது எச்சரிக்கைப் பலகையும் முள்வேலியும் வேண்டும். கேசிங்கைச் சுற்றித் தரைக்கு மேலும் கீழும் சிமெண்டு மேடை கட்ட வேண்டும். குழாய் வாயை இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்தோ, திருகாணி மூடி போட்டோ மூட வேண்டும். மோட்டாரைப் பழுதுபார்க்கக் கழற்றினாலும் வாயைத் திறந்து விடக்கூடாது. கைவிட்ட கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம்வரை நிரப்ப வேண்டும். தமிழ்நாட்டில் 2015 ஆம் ஆண்டின் ஊராட்சி விதிகளும் இவற்றைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. அடைத்து முடித்ததும் ஊராட்சிக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். சர்வே எண், இடம், ஆழம், போட்ட பொருள், நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பட்டாவோடு சேர்த்து வையுங்கள். நிலம் கைமாறினாலும் புதிதாக வருபவர் அதே இடத்தில் துளைக்காமலிருக்க அது உதவும்.

உழவர் பெருமக்களே! ஒரு போரை அடைத்ததால் பாலாறு சுத்தமாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே ஆழத்தில் இறங்கிவிட்ட உப்பை எந்தச் சிமெண்டும் மேலே கொண்டுவராது. ஆனால் இனி இறங்கப்போவதைத் தடுக்க முடியும். உங்கள் நிலத்தில் திறந்து கிடக்கும் போர்கள் எத்தனை என்று இந்த வாரமே எண்ணிப் பாருங்கள். இன்றே மூட முடியாதவற்றின் வாயில் இரும்புத் தகட்டைப் பற்றவைத்துவிடுங்கள். அடுத்த கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் ஒன்றன்பின் ஒன்றாக அடைத்து முடியுங்கள். ஐயம் இருந்தால் வட்டார வேளாண்மை அலுவலகத்திலும் வேளாண் பொறியியல் துறையிலும் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.